மாங்கன்று டேக்கில் க்யூஆர் கோடு: பக்கம் முதலில், பிரிண்ட் கடைசியில்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சந்தூர், போச்சம்பள்ளி பக்கம் நர்சரி நடத்துகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கன்றில் க்யூஆர் கோடு அச்சடித்த ஒரு டேக் தொங்கும். வாங்கினவர் போனைக் காட்டினால் ரகம், நடும் முறை, முதல் வருஷப் பராமரிப்பு எல்லாம் வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. பழக்கடைக்கும் பள்ளிக்கூட வளாகத்து மரங்களுக்கும் இதே வரிசைதான். அளவும் பொருளும் மட்டும் மாறும்.

புதிதாக இறங்குகிறவர்கள் கடைசி வேலையை முதலில் செய்கிறார்கள். ஏதோ ஒரு இணையதளத்தில் கோடு உருவாக்கி, ஆயிரம் டேக் அடித்து வாங்கி வந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் 'இதில் என்ன போடலாம்' என்று உட்காருகிறார்கள். கோடு உருவாக்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் அச்சான கோட்டைத் திருத்த வழியே கிடையாது. கீழே உள்ள வரிசை முழுக்க இந்த ஒரு காரணத்தால்தான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கம்ப்யூட்டர். போனிலேயே முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பிரிண்டுக்குப் போகும் ஃபைலைப் போனில் சரிபார்ப்பது சிரமம்.

நீங்கள் விற்கும் ரகங்களின் பட்டியல், ஒவ்வொரு ரகத்துக்கும் வழங்கும் எல்லாப் பெயர்களோடும். நாம் பெங்களூரா என்பதைத் தோத்தாபுரி என்றும் கிளிமூக்கு என்றும் கேட்டு வருவார்கள். பெங்களூருக்காரர் பாதாமி என்று கேட்டால் அது அல்போன்சா. பங்கனப்பள்ளியைப் பேனிஷான் என்பவர்களும் உண்டு.

சோதிக்க மூன்று நான்கு போன்கள். அதில் ஒன்றாவது விலை குறைந்த, கேமரா கீறல் விழுந்த பழைய ஆண்ட்ராய்டாக இருக்கட்டும். உங்கள் புதுப் போனில் எல்லாக் கோடும் ஸ்கேன் ஆகும். அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

1. வாங்குகிறவர் கேட்கும் கேள்விகளை எழுதுங்கள்

நர்சரியில் நிற்கும்போது கேட்பது ஒன்று, வீட்டுக்குப் போனபின் கேட்பது வேறு. நர்சரியில் 'இது என்ன ரகம், என்ன விலை, எத்தனை வருஷத்தில் காய்க்கும்' என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறார், டேக் வேண்டாம். வீட்டில் குழி வெட்டி முடித்து, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்கிறபோதுதான் 'பையைக் கிழிக்கணுமா, அப்படியே வைக்கணுமா' என்று சந்தேகம் வரும். டேக்குக்கு வேலை அந்த நேரத்தில்தான்.

ஆகவே உங்களுக்கு வரும் போன் அழைப்புகளைக் கவனியுங்கள். கன்று கொண்டுபோனவர்கள் கேட்பதை ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: குழி எவ்வளவு ஆழம், ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்குள் போகலாமா, அடியில் துளிர் வருகிறதே, போன வருஷம் வைத்த கன்று இப்போதே பூக்கிறதே விடலாமா. இந்தக் கேள்விகள்தான் பக்கத்தின் தலைப்புகள்.

நர்சரியின் பெருமை, ஆரம்பித்த வருஷம், முதலாளி படம் இதெல்லாம் பக்கத்தின் அடியில் போகட்டும். குழிக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு அது தேவையில்லை.

2. ரகத்துக்கு ஒரு பக்கம் தயார் செய்யுங்கள்

ஒவ்வொரு கன்றுக்கும் தனிக் கோடு வேண்டாம். ரகத்துக்கு ஒன்று போதும். கன்றுக்கு ஒன்று என்று போனால் எந்த டேக் எந்தக் கன்றுக்கு என்று பிரிக்கவே ஒரு ஆள் வேண்டும்.

பக்கத்தில் முதலில் ரகத்தின் பெயர் பெரிதாக, மற்றப் பெயர்களோடு. அடுத்து நடும் முறை. நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

'ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்துக்குக் குழி எடுங்கள். மேல்மண்ணோடு மக்கிய தொழு எரு கலந்து குழியை நிரப்புங்கள். பாலித்தீன் பையைக் கிழித்து எடுத்துவிட்டு, வேரில் இருக்கும் மண் உதிராமல் நடுங்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஒட்டுக்குக் கீழே வரும் துளிர் எல்லாம் நாட்டு மாங்கொட்டையின் துளிர், பார்த்ததும் கிள்ளிவிடுங்கள். முதல் மூன்று வருஷம் பூ வந்தால் அதையும் கிள்ளிவிடுங்கள், மரம் தேறட்டும்.'

இவ்வளவும் ஒரே திரையில் அடங்கினால் நல்லது. கீழே தள்ளித் தள்ளிப் படிக்க வைத்தால், மண் அப்பிய விரலோடு யாரும் படிக்க மாட்டார்கள்.

ஒட்டுக்கட்டு எங்கே இருக்கிறது என்பதற்கு மட்டும் ஒரு படம் போடுங்கள். எழுத்தில் விளங்காதது அது ஒன்றுதான். மற்றப் படங்களை அடியில் வையுங்கள். போன் கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒரு படமே 3, 4 எம்பி இருக்கும். 100 கேபிக்குள் சுருக்கி ஏற்றுங்கள். தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டிப் பக்கம் மலை மறைவில் இருக்கிற தோட்டத்தில் சிக்னல் ஒரே ஒரு பாயிண்டுக்கு இறங்கியிருக்கும். அங்கே படம் நிறைந்த பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். கோடுதான் கெட்டுப்போனது என்று நினைத்து ஆள் போனை மூடிவிடுவார். இதே காரணத்துக்காக, எழுதியதையே படமாக்கிய போஸ்டரையும் வீடியோவையும் முதல் திரையில் வைக்காதீர்கள்.

நம்மிடம் வாங்குகிறவர்களில் குப்பம், சித்தூர்க்காரர்களும் கோலார், பெங்களூர்க்காரர்களும் உண்டு. அதற்காகத் தமிழுக்கு ஒரு கோடு, தெலுங்குக்கு ஒரு கோடு, கன்னடத்துக்கு ஒரு கோடு என்று டேக்கை நிரப்ப வேண்டாம். ஒரே கோடு, பக்கத்தின் உச்சியில் மூன்று மொழிப் பட்டன். மூன்று கோடு பக்கம் பக்கமாக இருந்தால் கேமரா எதையாவது ஒன்றைப் பிடிக்கும், பெரும்பாலும் வேண்டாததை.

கடைசியாக, தொட்டால் உங்கள் நம்பருக்குப் போன் போகும் ஒரு பட்டன். படிக்கத் தெரியாதவருக்கும் படிக்கப் பொறுமையில்லாதவருக்கும் இது ஒன்றுதான் பக்கம்.

3. முகவரியை நிலைப்படுத்துங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், இங்கேதான் பணம் வீணாகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோட்டுக்குள் உங்கள் பக்கம் இல்லை. பக்கத்தின் முகவரி மட்டும்தான் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதை நீங்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம், கோடு மாறாது. முகவரி மாறினால் மட்டும் அச்சடித்த டேக் எல்லாம் குப்பை.

ஒட்டுக்கன்று மகசூல் கொடுக்க மூன்று, நான்கு வருஷம் ஆகும். அதுவரையாவது அந்த முகவரி உயிரோடு இருக்க வேண்டும். இலவசமாகக் கோடு உருவாக்கித் தரும் தளங்கள் பலவற்றில் 'டைனமிக்' என்று ஒரு வகை உண்டு. அதில் கோட்டுக்குள் போவது உங்கள் முகவரி இல்லை, அந்தத் தளத்தின் முகவரி. ஸ்கேன் செய்தால் முதலில் அவர்களிடம் போய், அங்கிருந்து உங்களிடம் திரும்பும். சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கட்டச் சொல்வார்கள். கட்டாவிட்டால் வழி அடைபடும். டேக் தொங்கிக்கொண்டிருக்கும், பக்கம் வராது. 'ஸ்டாட்டிக்' வகையில் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் முகவரியே நேராக உள்ளே இருக்கும், காலாவதி என்ற பேச்சே கிடையாது.

சொந்தமாக ஒரு டொமைன் பெயர், அதாவது உங்களுக்கென்றே ஒரு இணைய முகவரி, வாங்கிவிடுவது நல்லது. வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற செலவுதான். பக்கத்தை இன்று கூகுள் சைட்ஸில் (கூகுளில் பக்கம் அமைக்கும் வசதி) வைத்திருந்து நாளை வேறு இடத்துக்கு மாற்றினாலும், டொமைன் உங்களுடையது என்றால் அதே முகவரியைப் புது இடத்துக்குத் திருப்பிவிடலாம். டைனமிக் கோட்டில் கிடைக்கும் வசதி இதிலும் கிடைக்கும், சாவி மட்டும் உங்கள் கையில். ஆனால் அந்த டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் பதிவாக வேண்டும். செய்து கொடுத்த பையன் தன் பெயரில் எடுத்துவிட்டு வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டால், புதுப்பிக்கும் நேரத்தில் அவனைத் தேடி அலைய வேண்டும்.

முகவரி குட்டையாக இருக்கட்டும். காரணம் கணக்கில் இருக்கிறது. எழுத்து கூடக்கூடக் கோட்டில் கட்டங்கள் கூடும், ஒவ்வொரு கட்டமும் பொடியாகும். முன்னால் வரும் 'எச்டிடிபிஎஸ்' உட்பட 25 எழுத்துக்குள் முடிந்தால், நடுத்தரத் திருத்த அளவில் (கோடு கொஞ்சம் அழிந்தாலும் படிக்க வைக்கும் அளவு, அடுத்த படியில் வருகிறது) 25க்கு 25 கட்டத்தில் அடங்கிவிடும். கூகுள் டிரைவ் லிங்க் 80 எழுத்தைத் தாண்டும். அது 37க்கு 37 கட்டம் கேட்கும். சின்ன டேக்கில் இந்த வித்தியாசம்தான் 'ஆகிறது, ஆகவில்லை'.

டிரைவ் லிங்க்கில் இன்னொரு வம்பு. ஃபைலை எல்லோருக்கும் திறந்துவிடாமல் லிங்க்கை மட்டும் எடுத்துப் போட்டிருப்பார்கள். உங்கள் போனில் உங்கள் மெயில் உள்ளே இருப்பதால் அழகாகத் திறக்கும். வாங்கினவர் போனில் 'அனுமதி கேளுங்கள்' என்று வந்து நிற்கும்.

முகவரியில் தமிழ் எழுத்தும் வேண்டாம். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் முகவரிக்குள் போகும்போது தமிழின் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். க, ங போன்ற எழுத்தும், அதோடு சேரும் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி. 'மாங்கன்று' என்ற ஒரு சொல் அதில் 81 எழுத்து. பக்கம் தமிழில் இருக்கட்டும், முகவரி ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் போகட்டும்.

4. கோடு உருவாக்குங்கள்

பக்கம் திறக்கிறது, முகவரி இனி மாறாது என்று உறுதியான பிறகுதான் இந்தப் படி.

எந்தத் தளத்துக்கும் போகாமலே செய்யலாம். லிப்ரே ஆஃபீஸ் என்கிற ஆபீஸ் மென்பொருளில் கோடு செருகும் வசதி உள்ளேயே இருக்கிறது. இங்க்ஸ்கேப் என்கிற வரையும் மென்பொருளிலும் உண்டு, அதில் எஸ்விஜி ஃபைலாகவே (பெரிதாக்கினாலும் ஓரம் மழுங்காத வகை) எடுக்கலாம். இரண்டும் இலவசம், காலாவதி ஆகாது.

உருவாக்கும்போது பிழை திருத்த அளவு என்று ஒன்று கேட்கும். நான்கு படி: எல், எம், க்யூ, எச். கோட்டில் முறையே ஏறக்குறைய 7%, 15%, 25%, 30% அழிந்தாலும் படித்துவிடும் என்று பொருள். 'அப்படியானால் எச் வைத்துவிடலாமே' என்று தோன்றும். வேண்டாம். திருத்தம் கூடினால் கட்டமும் கூடும். அதே 25 எழுத்து முகவரிக்கு எம் என்றால் 25க்கு 25, க்யூ என்றால் 29க்கு 29, எச் என்றால் 33க்கு 33. நர்சரியில் தண்ணீர் பீய்ச்சும்போது செம்மண் தெறிக்கும், அதனால் எம் கொஞ்சம் குறைவு. டேக்குக்கு க்யூ, அறைக்குள் மாட்டும் போர்டுக்கு எம் என்பது என் கணக்கு.

கோட்டின் நடுவில் லோகோ வேண்டாம். லோகோ மறைக்கிற இடத்தை அந்தத் திருத்த அளவிலிருந்துதான் ஈடுகட்டுகிறது. சேறு தெறிப்பதற்கு வைத்த சேமிப்பை அச்சிலேயே தின்றுவிட்டால் பிறகு சேற்றுக்கு மிச்சம் இல்லை.

5. அளவு

எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ, அதில் பத்தில் ஒரு பங்கு அகலம். டேக்கைக் கையில் பிடித்து ஒரு சாண் தள்ளிப் போனைக் காட்டுவார்கள், 2.5 செ.மீ. போதும். கொட்டகை முகப்பில் மாட்டும் போர்டை 2 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பார்கள் என்றால் 20 செ.மீ. வேண்டும். நெடுஞ்சாலையில் போகிறவர் பார்க்கட்டும் என்று ரோட்டோரப் பேனரில் கோடு போடுவது வீண். வண்டியில் போகிறவர் ஸ்கேன் செய்யவும் முடியாது, செய்யவும் கூடாது.

கோட்டைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு கட்ட அகலத்துக்கு வெறும் வெள்ளை இருக்க வேண்டும். அந்த இடம் காலியாகக் கிடக்கிறதே என்று டிசைன் செய்கிறவர் பார்டர் கட்டுவார், பூ வரைவார். கோடு எங்கே தொடங்குகிறது என்று போனுக்குத் தெரிவது அந்த வெள்ளையால்தான்.

6. கோட்டுக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது

வெறும் கோட்டை மட்டும் போட்டுவிட்டு விட்டால் நம் ஊரில் எல்லோரும் அதைப் பணம் கட்டுவது என்றே எடுத்துக்கொள்வார்கள். 'ஸ்கேனர் இருக்கா?' என்று கேட்டால் ஜிபே ஸ்டிக்கர் எங்கே என்றுதான் அர்த்தம். ஆகவே உங்கள் டேக்கைப் பார்த்ததும் பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்து காட்டுவார்கள். அது செல்லாத கோடு என்கிற மாதிரி ஏதாவது சொல்லும். 'உங்க ஸ்கேனர் வேலை செய்யலைங்க' என்று உங்களிடமே வந்து சொல்வார்கள்.

இதற்கு மருந்து இரண்டு வரி. மேலே 'நடும் முறை பார்க்க', கீழே 'போன் கேமராவில் காட்டவும், பணம் கட்ட அல்ல'. 'மேலும் விவரங்களுக்கு' என்று எழுதாதீர்கள். என்ன விவரம் என்று தெரியாமல் யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

கல்லாவில் பணம் கட்டும் கோடு இருந்தால், விவரக் கோட்டை அதற்குப் பக்கத்தில் ஒட்டவே ஒட்டாதீர்கள். குறைந்தது வேறு சுவர்.

கேமராவில் காட்டியும் லிங்க் வராத பழைய ஆண்ட்ராய்டு போன்கள் இன்னும் நிறைய உண்டு. அவற்றில் கூகுள் லென்ஸில் காட்டச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு 13இலும் அதற்குப் பிறகு வந்ததிலும் மேலிருந்து கீழே இழுக்கும் பலகையிலேயே ஸ்கேன் பட்டன் இருக்கும். கன்று எடுத்துக் கொடுக்கிற ஆளுக்கு இந்த இரண்டையும் காட்டிக் கொடுத்துவிடுங்கள். முதலாளியைத் தேடி வருவதைவிட அவரிடம்தான் கேட்பார்கள். டேக்கில் போன் நம்பரையும் ரகத்தின் பெயரையும் எழுத்திலேயே அச்சடியுங்கள். பட்டன் போன் வைத்திருப்பவரும் கன்று வாங்குகிறார்.

7. பிரிண்ட் கடைக்கு அனுப்புங்கள்

ஃபைலை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது சுருக்கி, ஓரங்களை மழுக்கிவிடும். எஸ்விஜி அல்லது பிடிஎஃப் ஆக, டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் பென்டிரைவில் கொடுங்கள்.

டிசைன் செய்கிறவரிடம் நான்கு விஷயத்தை வாயால் சொல்வதோடு விடாமல் எழுதியும் கொடுங்கள். கோட்டை ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது, சதுரம் சதுரமாகவே இருக்கணும். சுற்றியுள்ள வெள்ளையைத் தொடக் கூடாது. வெள்ளையில் கறுப்பு மட்டும். கறுப்பில் வெள்ளை என்று திருப்பினால் பல போன்கள் படிக்காது, மாம்பழ மஞ்சளில் அடித்தால் போன் படிப்பது சந்தேகம்தான். கறுப்பு என்பது ஒற்றைக் கறுப்பு மை. நான்கு நிறமும் கலந்த கறுப்பாக இருந்தால் மை கொஞ்சம் விலகினாலும் ஓரம் கலங்கிவிடும்.

பில் போடும் சின்ன மெஷினில் லேபிள் அடித்து ஒட்டலாமா என்று கேட்பார்கள். சூட்டில் எழுத்து விழும் அந்தத் தாள் வெயிலில் நிற்காது. ரிப்பன் போட்டு அடிக்கும் லேபிள் மெஷின் என்றால் சரி.

டேக்குக்குக் கிழியாத சிந்தெடிக் தாள், மேட் லேமினேஷன். பளபளக்கும் லேமினேஷன் கடையில் அழகாக இருக்கும். வெயிலில் அதே பளபளப்பு கோட்டின் மேல் வெள்ளைத் திட்டாக விழுந்து மறைக்கும். போர்டுக்கு சன்பேக் ஷீட்டில் (பிளாஸ்டிக் அட்டை) மேட் வினைல் ஒட்டினால் போதும்.

8. ஒரே ஒரு பிரதி எடுத்து நர்சரியில் வைத்துப் பாருங்கள்

மொத்தமாக அடிக்கச் சொல்லும் முன் ஒன்று மட்டும் அடித்து வாங்குங்கள். கடைக்காரர் 'அதெல்லாம் சரியா வருமுங்க' என்பார். வற்புறுத்துங்கள்.

ஸ்கேன் செய்யும் போனில் வைஃபையை அணைத்துவிடுங்கள். நர்சரி ஆபீஸ் வைஃபையில் திறக்கிற பக்கம் மொபைல் டேட்டாவில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தெரிய வேண்டும். உச்சி வெயிலில் ஒருமுறை, நிழல்வலைக்கு அடியில் ஒருமுறை. வலையின் கண் வழியே விழும் வெயில் பொட்டுகள் கோட்டின் மேல் விழுந்தால் கட்டம் எது, நிழல் எது என்று கேமரா தடுமாறும். டேக்கை நனைத்து, கொஞ்சம் மண்ணைத் தேய்த்து ஒருமுறை.

பிறகு இதைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். 'கேமராவைத் திறங்க' என்று நீங்கள் வாயைத் திறந்தால் சோதனை அங்கேயே முடிந்தது. அவர் எந்த இடத்தில் நிற்கிறாரோ அந்த இடத்தைத் திருத்துங்கள். பெரும்பாலும் திருத்த வேண்டியது கோடாக இருக்காது, பக்கத்தில் எழுதிய வரியாக இருக்கும்.

9. டேக் கட்டுவது

டேக்கைத் தண்டைச் சுற்றி ஒட்டாதீர்கள். வளைந்த கோடு பாதிதான் கேமராவுக்குத் தெரியும். தட்டையாகத் தொங்கட்டும்.

கட்டும் நூல் தளர்வாக, ஒட்டுக்கு மேலே ஒரு பக்கக் கிளையில் இருக்கட்டும். இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்கும்போது நூல் பட்டையில் புதைந்து கன்றையே கெடுத்துவிடும். பாலித்தீன் பையில் ஸ்டிக்கர் ஒட்டுவது இன்னும் மோசம். நடும் அன்று பையைக் கிழித்து எறிவார்கள், கோடும் அதோடு போய்விடும்.

ரகம் மாறாமல் கட்டுவது ஒரு தனி வேலை. பழம் வரும்வரை எல்லா மாங்கன்றும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலத்தான். ஒட்டுக் கட்டும் பாத்தியிலேயே ரகவாரியாக டேக் கட்டி முடித்துவிடுங்கள், விற்பனைக் கொட்டகைக்கு வந்தபின் கட்ட ஆரம்பிக்காதீர்கள். நீலம் பாத்தியில் பெங்களூரா டேக் தொங்கினால் கோடு அந்தத் தப்பையே நான்கு வருஷம் சொல்லிக்கொண்டிருக்கும். டேக்கில் கோடு இருப்பதாலேயே ரகம் உத்தரவாதம் என்று விற்பவர்களையும் பார்க்கிறேன். கோடு சான்றிதழ் இல்லை. கட்டின கை சரியாக இருந்தால்தான் அது சொல்வதும் சரி.

10. கட்டிய பிறகு

வாரம் ஒருமுறை போர்டில் உள்ள கோட்டை உங்கள் போனில் காட்டிப் பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிற வேலை நடக்கிறது. பணம் கட்டும் கோடு என்றால் காசு யாருக்கோ போகும், விவரக் கோடு என்றால் வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போகும். நகத்தால் ஓரத்தைத் தடவினாலே இரண்டு அடுக்கு இருப்பது தெரிந்துவிடும்.

டொமைன் புதுப்பிக்கும் தேதியை ஆபீஸ் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். அந்த மெயில் விளம்பரங்களுக்கு நடுவில் புதைந்துபோகும்.

எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், டேக்குக்கு ஒரு முகவரி, போர்டுக்கு ஒரு முகவரி என்று முதலிலேயே பிரித்து வையுங்கள். இரண்டும் ஒரே பக்கத்துக்குத் திரும்பினால் போதும். அச்சடித்தபின் இதைப் பிரிக்க முடியாது.

போன் நம்பர் மாறினால் பக்கத்தில் அன்றைக்கே மாற்றுங்கள். ஒரு ரகம் விற்றுத் தீர்ந்துவிட்டால், இனி அதை நீங்கள் ஒட்டுக் கட்டவே போவதில்லை என்றாலும், அந்தப் பக்கத்தை அழிக்காதீர்கள். 'தற்போது இருப்பு இல்லை' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். டேக் ஏற்கெனவே யாரோ ஒருவர் தோட்டத்தில் தொங்குகிறது. மூன்றாம் வருஷம் பூ வந்ததும் கிள்ளுவதா விடுவதா என்று அவர் ஸ்கேன் செய்வார்.